காய்ச்சல் விட்ட காலை

மகளுக்குக் காய்ச்சல் விட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். மூன்று நாளாகக் கொதித்துக்கொண்டிருந்த கழுத்தில் கை வைத்தேன், குளிர்ந்திருந்தது. நம்பாமல் தெர்மாமீட்டரும் வைத்துப் பார்த்தேன். கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டேன்.

அப்போது அவளுக்கு ஆறு வயது. ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்தோம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. குடியிருப்பில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள். பள்ளி ஆசிரியையான என் மனைவி ஒரு பயிற்சிக்காக மதுரைக்குப் போயிருந்தாள். அவள் கிளம்பிப் போன மறுநாள்தான் காய்ச்சல் வந்தது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பயந்தாங்கொள்ளி என்று எங்கள் குடும்பத்தில் எனக்குப் பெயர். கொசு கடித்துத் தடித்ததற்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடியிருக்கிறேன். மனைவி அப்படியில்லை. பிள்ளை கீழே விழுந்தால், "எந்திரிச்சு வா" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வாள். அதனால் என் பயத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நானுமே எடுத்துக்கொள்வதில்லை.

பக்கத்துத் தெரு டாக்டர் வெள்ளிக்கிழமையே பார்த்திருந்தார். "வைரல் மாதிரிதான் தெரியுது. நெறைய தண்ணி குடுங்க. திங்கக்கிழமை ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம்" என்றார். எழுந்து கதவருகே போனவனை மறுபடி கூப்பிட்டு, "காய்ச்சல் விட்டதுக்கப்புறமும் ரெண்டு நாள் கவனமா பாத்துக்கங்க சார்" என்றார். விட்ட பிறகு எதற்குக் கவனம் என்று கேட்பதற்குள், இருமிக்கொண்டு அடுத்த குழந்தை உள்ளே வந்துவிட்டது.

அந்த ஞாயிறு உறையூரில் அக்காவின் புது வீடு மந்திரிப்பு; பங்குச் சாமியார் வந்து வீட்டை ஆசீர்வதிப்பார், பிறகு விருந்து. காய்ச்சல் விட்டதைப் போனில் சொன்னதும் அக்கா, "அப்புறம் என்ன? தூக்கிட்டு வா. இங்க பிள்ளைங்களோட சேந்தா தன்னால தெளிஞ்சிரும்" என்றாள். எனக்கும் சரி என்றே பட்டது. ஆட்டோ பிடித்தேன்.

காவிரிப் பாலத்தில் ஏறும்போது மகள் எப்போதும் என் மடியில் ஏறி நின்று எட்டிப் பார்ப்பாள். தண்ணீர் எவ்வளவு வந்திருக்கிறது, படித்துறையில் யார் குளிக்கிறார்கள் என்று கேட்டுத் துளைத்துவிடுவாள். அன்று ஆறு இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு செம்மண் நிறத்தில் போனது. ஆட்டோக்காரரே வண்டியை மெதுவாக்கி, "பாப்பா, தண்ணியப் பாரு" என்றார். அவள் என் தோளில் சாய்ந்தபடி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

மூன்று நாள் படுத்த பிள்ளை, அசதி இருக்கும்தானே என்று சொல்லிக்கொண்டேன்.

அக்கா வீடு முழுக்க ஜனம். சாமியார் ஒவ்வொரு அறையாகப் போய்த் தீர்த்தம் தெளித்தார். பிள்ளைகள் அவர் பின்னால் ஓடி, தங்கள் மேலும் தெளிக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். என் மகள் ஹாலில் சோபாவில் சுருண்டு கிடந்தாள். தண்ணீர் முகத்தில் பட்டபோதுகூடத் துடைத்துக்கொள்ளவில்லை.

அக்கா இளநீர் கொண்டுவந்து கொடுத்தாள். மகள் இரண்டு மடக்கு குடித்தாள், அப்படியே வாந்தி எடுத்தாள்.

"வயிறு வலிக்குதுப்பா."

"எங்கடா?"

வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள்.

"மூணு நாளா வெறும் வயிறு, அதான்" என்று அக்கா தரையைத் துடைத்தாள். "கொஞ்ச நேரம் தூங்கட்டும். நீ போய்ச் சாப்பிடு."

பந்திக்குப் போகவில்லை. மகளின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பாதம் ஐஸ் மாதிரி இருந்தது. ஃபேனை நிறுத்தினேன், புழுக்கத்தில் எனக்கு வேர்த்தது. அவள் பாதம் சூடாகவே இல்லை. கையைத் தொட்டேன், அதுவும் சில்லென்று, பிசுபிசுப்பாக இருந்தது. காலையில் கழுத்தைத் தொட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்த அதே குளிர்ச்சி.

அக்காவின் கணவரிடம் போய், "மாமா, இவளை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாமா?" என்றேன்.

அவர் சிரித்தார். "காய்ச்சல் இருந்தப்பதான் பயந்த, சரி. இப்ப காய்ச்சல் இல்லேன்னும் பயப்படுறியே! ஞாயித்துக்கிழமை எந்த டாக்டர் இருப்பாங்க? நாளைக்குதான் டெஸ்ட் எடுக்கப் போறல்ல?"

பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. இத்தனை பேர் சிரிக்கும்போது பெரிதாக ஒன்றும் இருக்காது என்று தோன்றியது. சோபாவுக்குத் திரும்பி வந்தேன். மகள் கண்ணை மூடவும் இல்லை, எதையும் பார்க்கவும் இல்லை. உதடு வெளுத்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கொஞ்சம் தாமதித்து, "ம்" என்றாள்.

மாடிப்படிக்குக் கீழே போய் நின்று மனைவிக்குப் போன் செய்தேன். காய்ச்சல் விட்டதில் ஆரம்பித்தேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "ஒண்ணுக்கு எப்பப் போனா?" என்றாள்.

பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். காலையில் எழுந்ததும் பல் தேய்த்துவிட்டேன். பாத்ரூமில் உட்காரவைத்தேன். வரவில்லை என்றாள். முந்தைய நாள் படுக்கப் போகும் முன்னால் போனது.

"நேத்து படுக்கறதுக்கு முன்னாடி."

"அவகிட்ட போனைக் குடுங்க."

அம்மா என்றால் என் கையிலிருந்து போனைப் பிடுங்குகிறவள். சோபாவுக்குப் போய் அவள் காதில் வைத்தேன். "அம்மாடா" என்ற குரல் எனக்கே கேட்டது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போனைத் திரும்ப எடுத்தபோது மனைவியின் குரல் மாறியிருந்தது. "யார்கிட்டயும் கேக்காதீங்க. இப்பவே கெளம்புங்க. நான் பஸ் ஏறுறேன்."

பிள்ளை கீழே விழுந்தால் உட்கார்ந்த இடத்தை விட்டு எழாதவள் பஸ் ஏறுகிறேன் என்கிறாள். மகளைத் தூக்கித் தோளில் போட்டேன். மாமா என் முகத்தைப் பார்த்தார். உடனே கார் சாவியை எடுத்தார்.

தில்லைநகர் பக்கத்தில்தான் குழந்தைகள் மருத்துவமனை. கிட்டத்தான், ஆனாலும் வழி நீண்டுகொண்டே போனது. அவள் தலை என் தோளில் ஆடியது. "பாப்பா, ஏதாவது பேசு" என்றேன். "தூக்கம் வருது" என்றாள். தூங்கவிடாமல் கன்னத்தைத் தட்டிக்கொண்டே போனேன்.

டூட்டியில் இருந்தது ஒரு இளம் பெண் டாக்டர். மகளின் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பிடித்து, பிறகு விட்டார். வெளுத்த இடம் வெளுத்தபடியே நின்று, மெல்லத்தான் சிவந்தது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பிடித்த இடத்தை மாற்றி மறுபடி பார்த்தார். வயிற்றைத் தொட்டதும் மகள் முனகினாள்.

"காய்ச்சல் எப்ப விட்டுச்சு?"

"இன்னைக்குக் காலைல, டாக்டர்."

அவர் நர்ஸைப் பார்த்தார். அந்த அறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் வேகமாகிவிட்டார்கள். ஊசி இறங்கியபோது மகள் அழவில்லை. அதைப் பார்த்து நான்தான் அழுதேன்.

பிறகு வெளியே வந்து எனக்கு விளக்கினார். டெங்கு. சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இருக்கும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. அது விடுகிற நேரத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். பிரஷர் இறங்கும், கைகால் சில்லிடும். "எல்லாரும் நல்லாயிடுச்சுன்னு நெனச்சுக்குவாங்க" என்றார். "வயித்து வலி, நிக்காத வாந்தி, ஒண்ணுக்குப் போகாம இருக்கறது, இப்படித் துவண்டு போறது. இதுல எது வந்தாலும் உடனே வந்துடணும். சாயந்தரம் வரைக்கும் பாத்திருந்தீங்கன்னா..."

ஐசியூ வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. அங்கே திருவெள்ளறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களின் பையனும் உள்ளே. அந்த அம்மா என்னிடம், "காய்ச்சல் விட்டுப்போச்சுங்க. இட்லிகூட ஒண்ணு சாப்பிட்டான். அதான் இருந்துட்டோம்" என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து வேறு யாரோ வந்து உட்கார்ந்தபோதும் அதையே சொன்னார். அவர் கணவர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார்.

மனைவி வந்து சேர்ந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்காமல் நேராகக் கண்ணாடிக் கதவுக்குப் போய் நின்றாள். மகளின் நரம்பில் சொட்டுச் சொட்டாக இறங்கிய சலைனை அளந்து அளந்து கூட்டினார்கள், குறைத்தார்கள். மறுநாள் மதியம் நர்ஸ் வெளியே வந்து, "ஒண்ணுக்குப் போயிட்டா" என்றார். பரீட்சையில் பாஸான செய்தி வந்ததுபோல் நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்தப் பையனை அன்று சாயந்தரம் வேறு ஊருக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சர் எங்களைத் தாண்டிப் போனபோது அந்த அம்மா என் மனைவியின் கையைப் பிடித்து, "உங்க பிள்ளைக்குச் சரியாயிருச்சாங்க?" என்று கேட்டார். மனைவி தலையை மட்டும் ஆட்டினாள். அப்புறம் அவனுக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது. அந்த டாக்டரிடம் கேட்டிருக்கலாம். பில் கட்டும் வரிசையில் நிற்கையில் அவர் எதிரே வந்தார், கேட்க வாய் வரவில்லை.

மகளுக்கு உடம்பு நேரான பிறகு மாமா ஆப்பிள் பையோடு வந்து பார்த்தார். கட்டில் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவள் அவரிடம், தன்னை எத்தனை இடத்தில் குத்தினார்கள் என்று சட்டையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். இனிமேல் அந்த டாக்டரோடு டூ என்றாள். மாமா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். வெளியே மறுபடி தூறல் ஆரம்பித்திருந்தது.