நான் திருப்பிய சொட்டுச் சக்கரம்

நான் மூன்றாவது வரைதான் படித்தவள். எழுத்து கோணலாக இருக்கும், மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில், மார்வலி வந்த என் வீட்டுக்காரரை ஜவ்வாது மலையிலிருந்து இறக்கி டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதய வார்டில் நர்சம்மா அடிக்கடி பிரஷர் பார்த்து, பாட்டில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணிக்கொண்டிருந்தார்.

“இன்னா சிஸ்டர், இவ்ளோ மெதுவா எறங்குது?” என்றேன்.

“ரத்தக்குழாயை விரிக்கிற மருந்துமா. எண்ணித்தான் வுடணும்.”

எனக்குத் தெரிந்தது மலையடிவாரத்து ஆலங்காயம் ஆஸ்பத்திரியில் ஏற்றும் குளுக்கோஸ்தான். பாட்டில் காலியானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

“தல வெடிக்குதுடி, வூட்டுக்குப் போலாம்” என்று அவர் முனகினார்.

நர்சம்மா அடுத்த கட்டிலுக்குப் போனதும், சீக்கிரம் இறங்கட்டும் என்று, மருந்துக் குழாயில் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தைத் திருப்பினேன். ஒருமுறையா, இரண்டுமுறையா, நினைவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டி, கண் சொருகியது.

ஓடிவந்த நர்சம்மா, “பிரஷர் எறங்கிடுச்சி” என்று மருந்தை நிறுத்தி, அவர் கால்களை உயர்த்திப் பிடித்தார். உயிர் திரும்பியது.

“யார் இதைத் தொட்டது?” என்று டாக்டர் கத்தினார். நான் தலையைக் குனிந்து, வீட்டுக்காரரின் வேர்வையைத் துடைத்தேன்.

“சக்கரத்த நான்தான் சரியா வைக்கல சார்” என்றார் நர்சம்மா.

என்னைக் காப்பாற்றினாரா, தன் தப்பென்றே நம்பினாரா, இன்றும் தெரியவில்லை. நர்ஸ் வேலை தெரிந்த யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்: பிரஷர் என் கையால்தான் இறங்கியதா, தானாகவும் இறங்கியிருக்குமா?