தலையில் கட்டிய விளக்கு

மைக்ரோஸ்கோப் அறைக்குள் நுழைந்துவிட்டால் கைபேசிக்கு உயிர் போய்விடும். தரைக்குக் கீழே இருக்கிற அறை. ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் கறுப்பு. கருவி சூடாகக் கூடாது என்று ஏ.சி. ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கிற மனுஷிக்குப் பல் தந்தியடித்தால் அது அவள் பாடு. பேச வேண்டுமென்றால் கதவைத் திறந்து, படிக்கட்டு வளையும் இடம்வரை ஏற வேண்டும். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். அவள் வீட்டோடு பேசியதெல்லாம் அந்த வளைவில் நின்றுதான்.

வீட்டில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை, பெயர் மட்டும் முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், வேன் ஓட்டுகிற அண்ணன், "இருங்க, என் தங்கச்சியைக் கேட்டுச் சொல்றேன்" என்று ஃபோனை எடுத்துவிடுவான்.

"நான் அந்த டாக்டர் இல்லண்ணா."

"பின்ன எந்த டாக்டரு?"

"செல்லுக்குள்ள ஒரு நொதி எந்த இடத்துல இருக்குன்னு தேடறவ."

"இதுக்கா இத்தனை வருஷம்? அப்பா கண்ணாடி தொலைஞ்சா அம்மா கண்ணிமைக்கறதுக்குள்ள எடுத்துக் குடுக்கறாங்க. அவங்களுக்கு டாக்டர் பட்டம் குடுக்கச் சொல்லு."

அவள் சிரித்துவிட்டாலும், மைக்ரோஸ்கோப் முன்னால் போய் உட்கார்ந்ததும் அந்தக் கேள்வி அவளோடு வந்து உட்கார்ந்துகொள்ளும். இதுக்கா?

செல் என்பது பல அறைகள் கொண்ட ஒரு வீடு. ஒவ்வொரு அறையிலும் அதற்கென்று வேலை பார்க்கும் நொதிகள், அதாவது என்சைம்கள், உண்டு. அவள் தேடியது அதில் ஒன்றை. அதன் சகோதர நொதிகள் எல்லாம் மைட்டோகாண்ட்ரியா என்கிற அறைக்குள் அடங்கி இருந்து வேலை பார்க்கின்றன. இது மட்டும் வெளியே, செல் முழுவதும் பனிமூட்டம்போலப் பரவிக் கிடந்தது. நொதியோடு பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தை விளக்குபோல ஒட்டிவிட்டுப் பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. இந்த நொதி ஒன்று மட்டும் ஊர்சுற்றி என்பதுதான் அவளுடைய கண்டுபிடிப்பு. அவள் வழிகாட்டியான மேடம் இதைப் பல கூட்டங்களில் பேசிக் கைதட்டு வாங்கியிருந்தார்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய மாதம் வந்தது. அந்த மாதத்துக்காக அவளைவிட அதிகமாகக் காத்திருந்தவன் அண்ணன். பக்கவாதம் வந்து அப்பா படுக்கையோடு படுக்கையாகிவிட்டார். அவரைத் தூக்கி உட்காரவைக்க அம்மாவால் தனியாக முடியாது. அண்ணனுக்குத் துறைமுகத்தில் பெரிய வண்டி ஓட்டுகிற வேலை அமைந்திருந்தது. "தங்கச்சி வந்ததும் கிளம்பிடறேன்" என்று வேலை கொடுத்தவர்களிடம் சொல்லி நாளைக் கடத்திக்கொண்டிருந்தான்.

ஏட்டைச் சரிபார்க்கிற பேராசிரியர் குழு ஒரே ஒரு படம் கூடுதலாகக் கேட்டது. விளக்கு ஒட்டாத, செல்லில் இயல்பாகவே இருக்கும் நொதியையும் ஒருமுறை காட்டச் சொன்னது. அதை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை வாங்கி, அதற்குப் பச்சை நிறம் ஏற்றி, மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சிவப்புச் சாயமும் போட்டாள். வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துத்தான் மதியச் சாப்பாட்டுக்கு முன் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

பனிமூட்டத்தைக் காணவில்லை. பச்சை நூல்கள் தெரிந்தன. வளைந்து நெளிந்து, சிவப்பு நூல்களின்மேல் அச்சு அசலாகப் படிந்து கிடந்தன.

சிவப்புதான் பச்சையில் கசிந்து தெரிகிறது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். சிவப்பே போடாமல் இன்னொரு ஸ்லைடு செய்தாள். நூல்கள் அப்படியே இருந்தன. நொதி அறைக்குள்ளேதான் இருந்தது.

அப்படியானால் அத்தனை வருடம் பார்த்தது எதை? ஆய்வகத்துக்கு ஓடிப்போய், விளக்கு ஒட்டிய நொதியைச் செல்லில் உண்டாக்கும் டி.என்.ஏ.வின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள். அந்த டி.என்.ஏ. யாரோ ஒரு பழைய மாணவர் செய்து உறைபெட்டியில் வைத்துவிட்டுப் போனது. இருக்கிறதை விட்டுவிட்டுப் புதிதாகச் செய்வானேன் என்று எல்லோரும் அதையே எடுத்துப் பயன்படுத்தினார்கள், அவளும் சேர்த்துத்தான். விளக்கை நொதியின் தலைப்பக்கம், அதன் சங்கிலி தொடங்கும் முனையில், ஒட்டியிருந்தார்கள். இந்த வகை நொதிகளுக்குப் போக வேண்டிய முகவரி தலையில்தான் இருக்கும். விளக்கு அதை மறைத்துவிட்டது. பாவம், அது ஊர்சுற்றி இல்லை. வீட்டுக்குள் போக வழி தெரியாமல் வாசலில் நின்றிருக்கிறது.

மேடம் படத்தை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் பார்த்தார்.

"இதை வேற யாருக்காவது காட்டினியா?"

"இல்ல மேடம்."

"ஆன்டிபாடி சரியா வேலை செய்யலன்னு ஒரு வரி எழுதிடலாம். அப்படி வேலை செய்யாத ஆன்டிபாடியும் நிறைய உண்டு, யாரும் தோண்ட மாட்டாங்க. நீ முடிச்சுட்டு வீட்டுக்குப் போ. அப்புறம் நிதானமா சரிபண்ணிக்கலாம்."

"அப்புறம் யார் பண்ணுவாங்க மேடம்?"

மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எதிர்த்துப் பேச வசதியாக இருந்திருக்கும். "விளக்கை வால்ல ஒட்டிப் புதுசா செய்யணும். எல்லாத்தையும் முதல்லேருந்து. ஒரு வருஷத்தை முழுங்கிடும். உன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். முடிவு உன்னோடது" என்று தணிந்த குரலில் சொன்னார்.

அவள் படிக்கட்டு வளைவில் போய் நின்றாள். மேலே போனால் வெயில், கீழே போனால் இருட்டு. ஒரு வரிதான். அதை எழுதிவிட்டால் அடுத்த வாரம் பெட்டியைக் கட்டலாம். ஆனால் கண்ணை மூடினால் அந்த நூல்கள் தெரிந்தன. பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லத்தானா இந்தப் படிப்பு? அப்படிச் சொல்லாவிட்டால் அண்ணனுக்கு என்ன பதில்? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

அண்ணனைக் கூப்பிட்டு ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"எங்க இருந்தா என்ன? அது வேலை செய்யுதில்ல?"

"எங்க இருக்குன்னு தெரிஞ்சாதாண்ணா என்ன வேலை செய்யுதுன்னே சொல்ல முடியும். நான் சொன்ன இடம் தப்பு. அதை நம்பி நாளைக்கு ஒருத்தன் மருந்து தேடினா, இல்லாத இடத்துல தேடுவான்."

"அவன் யாரு, உன் மாமனா மச்சானா? நான் இருக்கறேனே, கண்ணுக்குத் தெரியலையா? அப்பாவை நீ வந்து தூக்கிப் பாரு, அப்பத் தெரியும்."

"தெரியும்ணா."

"என்ன தெரியும்? டாக்டரம்மா!" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டான். அந்தப் பெயரை அவன் விளையாட்டாக இல்லாமல் கசப்போடு சொன்னது அன்றுதான்.

அவள் அந்த வரியை எழுதவில்லை. துறைமுக வேலை வேறு ஒருவருக்குப் போனது. அம்மா சொல்லித்தான் அவளுக்கு அது தெரிந்தது. அண்ணன் பேசுவதையே நிறுத்திவிட்டான். அம்மாவோடு பேசும்போது பின்னால் அவன் குரல் கேட்கும். "அப்பா, கையை என் தோள்ல போடுங்க. ம்... எழுந்திரிங்க." அதைக் கேட்டுவிட்டு அவள் மறுபடியும் கீழே இறங்குவாள்.

விளக்கை வாலில் ஒட்டிச் செய்தது முதலில் சொதப்பியது. அடுத்ததில் செல்கள் செத்துப்போயின. விடுதி அறையில் கூட இருந்தவள் பட்டம் வாங்கிக் கிளம்பிப்போனாள், வேறொருத்தி வந்தாள். ஸ்வெட்டரின் முழங்கை கிழிந்தது.

ஒரு மதியம் திரையில் பச்சை நூல்கள் விழுந்தன. வாலில் விளக்கோடு, ஒரு துளிகூட வெளியே சிந்தாமல், நொதி அறைக்குள் இருந்தது. தலை காலியாக இருந்ததால் முகவரி தெரிந்து உள்ளே போய்விட்டது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கறுப்புச் சுவர்கள் அதைத் திருப்பிக்கூடத் தரவில்லை. ஏ.சி. மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

படிக்கட்டு வளைவுக்கு ஓடினாள். அம்மாவுக்குத்தான் ஃபோன் அடித்தாள், எடுத்தது அண்ணன்.

"உள்ள போயிடுச்சுண்ணா."

பின்னால் அப்பா இருமுவது கேட்டது.

"சரி," என்றான். "நீ எப்ப வருவ?"

இன்னும் படங்கள் இருந்தன, அளவுகள் இருந்தன, முதல் அத்தியாயத்திலிருந்து திருத்த வேண்டிய ஏடு இருந்தது. மேலே கதவிடுக்கில் ஒரு கீற்று வெயில் தெரிந்தது. காதில் ஃபோனை வைத்தபடியே அவள் வளைவிலிருந்து இறங்கிக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். அங்கே சிக்னல் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். அவன் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டது பாதியில் அறுந்துபோனது.