ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம்

சண்முகவடிவின் மகள் முத்துக்கனி பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதுதான் செத்தாள். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய மறுவருஷம் அது.

தூத்துக்குடிக்கு வடக்கே, கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் கிடந்த கோரைத்திட்டு அவர்கள் குடியிருப்பு. பள்ளிக்கூடமோ ஓடைக்கு அந்தப் பக்கம், பெரிய ஊரில். கோடையில் அந்த ஓடையில் கணுக்கால்கூட நனையாது. ஐப்பசியில் மழைவெள்ளமும் கடலேற்றமும் சேர்ந்து வந்த ஒரு காலையில், சிலேட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிய பிள்ளை மறுகரை ஏறவில்லை. சாயங்காலம் உப்பளத்து மதகருகே கிடைத்தாள்.

அதன்பிறகு திட்டில் யாரும் பிள்ளைகளைப் படிக்க அனுப்பவில்லை. வடிவின் புருஷன் செந்தில்வேல் துறைமுகத்தில் தோணிக்கு மூட்டை சுமப்பவன். மகளைப் பற்றிப் பேசுவதையே அவன் விட்டுவிட்டான். அவளால் அப்படி இருக்க முடியவில்லை. தான் வேலை செய்யும் உப்பளத்தின் முதலாளி தாணுலிங்கத்தின் முன்னால் போய் நின்றாள். அவர் பஞ்சாயத்து போர்டில் மெம்பரும்கூட.

“மொதலாளி, எங்க பக்கம் ஒரு பள்ளிக்கூடம் வேணும். குடிசைக்குப் பின்னால மேடு சும்மாத்தான கெடக்கு. சர்க்கார் பொறம்போக்கு.”

“ஒம் மவ போனதுல எனக்கு மட்டும் வருத்தம் இல்லையாளா? போர்டுல வைக்கேன். நீங்க இடத்தச் சுத்தம் பண்ணி வையுங்க.”

அவர் பொய் சொன்னார் என்று அவள் அன்றும் நினைக்கவில்லை, பிறகும் நினைக்கவில்லை. திட்டுப் பெண்கள் உப்பளத்து வேலை முடிந்து வந்து உடைமுள்ளை வெட்டி, வேரைத் தோண்டி, மேட்டை நிரவினார்கள். பெரிய ஊர் வாத்தியார் ஜெபசிங் வந்து பார்த்தார். “வாசல மேக்க வச்சா கடக்காத்து உள்ள அடிக்காது” என்று மணலில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். அந்தக் கோட்டுக்குள் நின்று பார்த்தபோது வடிவுக்கு அழுகை வந்தது.

போர்டு கூடுவதற்குள் பட்டாளத்தார் வந்தார்கள். கடலைக் கண்காணிக்க அந்த மேடுதான் தோதாம். முள்கம்பி சுற்றிக் கூடாரம் போட்டார்கள்.

“யுத்தம் முடியட்டும்” என்றார் தாணுலிங்கம்.

ஜெபசிங் வாத்தியார் மட்டும் சனிக்கிழமைகளில் ஓடை தாண்டி வந்து, கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அவரையும் வேம்பாருக்கு மாற்றிவிட்டார்கள். எழுத்துப் படித்த பிள்ளைகள் அதை மறந்தார்கள், வளர்ந்தார்கள், உப்பு அள்ளும் ஓலைப்பெட்டி சுமக்கப் போனார்கள்.

யுத்தம் முடிந்து கம்பியைப் பிடுங்கியதும் வடிவு மறுபடி முதலாளியிடம் போனாள். இந்த முறை நிஜமாகவே போர்டில் வைத்தார். கூட்டத்தன்று அவள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டாள். மேட்டில் நல்ல தண்ணீரும் இல்லை, பாதையும் இல்லை என்று சுகாதார இன்ஸ்பெக்டர் எழுதியிருந்ததைக் கிளார்க் வாசித்தார். தாணுலிங்கம் எழுந்து, ஓடையில் போன பச்சைப்பிள்ளையைப் பற்றிப் பேசினார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு கைகள் உயர்ந்தன.

வெளியே வந்தவர் முகத்தில் அத்தனை திருப்தி. “வடிவு, பாஸாயிட்டு.”

“மேட்டுலயா மொதலாளி?”

“மேட்டுல தண்ணி ஏது? ரோட்டோரம், நம்ம குடோனுக்குப் பக்கத்துல. அருமையான எடம்.”

“அது ஓடைக்கு அந்தப் பக்கம்லா?”

“பாலம் பொறவு போடுவாவ. மொதல்ல கட்டடம் வரட்டும். ஒம் மவ பேரக் கல்லுல வெட்டச் சொல்லியிருக்கேன்.”

“அவ பேரு வேண்டாம்.”

“என்னளா இது? எல்லாரும் சம்மதிச்சாச்சு.”

“வேண்டாம் மொதலாளி. பேரு போட்டாலும் எங்க பிள்ளைக அந்தத் தண்ணியிலதான எறங்கணும்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. வில்வண்டியில் ஏறிப் போய்விட்டார். அங்கே பள்ளிக்கூடம் வந்தால் குடோனுக்குப் போர்டு செலவிலேயே சரள் ரோடு கிடைத்துவிடும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உண்மையோ என்னவோ, ரோடு கட்டடத்துக்கு முன்பே வந்தது.

அன்று வடிவு வீட்டுக்கு வந்து செந்தில்வேலிடம் நடந்ததைச் சொன்னாள்.

“விடுளா” என்றான் அவன். “எம் பிள்ள செத்தது அவங்களுக்காவது ஒதவிட்டு.”

திட்டில் வீடுவீடாகப் போய், எல்லோருமாகச் சேர்ந்து போர்டில் முறையிடலாம் என்று கேட்டுப் பார்த்தாள். பாலம் வரும் என்கிறார்களே, எதற்குப் பகை என்றார்கள் சிலர். உப்பளத்தில் நாளைக்கு வேலை வேண்டாமா என்றார்கள் மற்றவர்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை.

பள்ளிக்கூடத் திறப்புக்கு மேளம் வந்தது. கல்லில் மெம்பர்கள் பெயர் மட்டும் இருந்தது. பாலம் வரவில்லை. கோரைத்திட்டிலிருந்து ஒரு பிள்ளைகூட அங்கே சேரவில்லை.

அந்தப் பங்குனியில் பக்கத்துக் குடிசைக்காரியின் சின்ன மகள் முதன்முதலாக உப்பளத்துக்கு வேலைக்கு வந்தாள். வெயில் ஏற ஏற உப்பின் வெள்ளை தாங்காமல் கண்ணிலிருந்து நீர் கொட்டியது அவளுக்கு. சண்முகவடிவு பெட்டியை இறக்கி வைத்தாள். முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்து, நிழல் விழும்படி அவள் நெற்றிக்கு மேல் இறக்கிக் கட்டினாள்.

“கீழ பாக்காத. தூரத்துல பாத்துக்கிட்டே நட” என்றாள்.