சங்கிலிக்கு அடித்த வெள்ளிப் பெயிண்ட்

அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவுக்கு உப்பு என்றாலே ஆகாது. குழம்பில் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார். அவருக்கு ஆகாதது வெடியுப்பு. திருத்தங்கலுக்கு வெளியே ஒரு பட்டறையில் அவர் மேஸ்திரியாக இருந்தார். மண்ணும் அழுக்குமாக மூட்டையில் வரும் வெடியுப்பைத் தொட்டியில் கொதிக்கும் நீரில் கரைத்து, வடித்து, ஆறவிட்டு, வெள்ளையாக உறைந்ததும் இரும்புக் கூடையோடு மேலே தூக்கி எடுப்பார்கள். அது பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போகிற சரக்கு. தூக்குவதற்குத் தொட்டிக்கு மேலே உத்தரத்தில் செயின் பிளாக் தொங்கும். ஒருத்தர் கைச்சங்கிலியை இழுத்தால் போதும், ஆறு பேர் சேர்ந்தாலும் அசையாத கூடை முனகிக்கொண்டே மேலே வரும்.

அந்தச் சங்கிலியை உப்பு தின்றது. தொட்டியிலிருந்து கிளம்பும் ஆவி இரவும் பகலும் அதன்மேல் படிந்தபடியே இருக்கும். அத்தா தினமும் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, எண்ணெய் போடுவார். மறுநாள் போனால் மறுபடியும் துரு பூத்திருக்கும். மறுபடியும் கழுவுவார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் செய்த வேலை இதுதான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்காருவார். அம்மா டீ கொண்டுவந்து வைத்தாலும் அது ஆடை படியும்வரை அப்படியே இருக்கும். எடுத்துக் குடிக்கக்கூட அலுப்பு.

பட்டறையில் இரண்டு தொட்டி, இரண்டு செயின் பிளாக். அந்த வருஷம் அதில் ஒன்றின் சங்கிலியில் ஒரு கண்ணி தேய்ந்து மெலிந்துவிட்டது. அத்தா முதலாளியிடம் மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். முதலாளி கெட்டவர் இல்லை. நோன்புப் பெருநாளுக்கு எங்கள் எல்லோருக்கும் துணி எடுத்துக் கொடுப்பார். ஆனால் தீபாவளி சீசனில் அவர் காதில் லோடு என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் ஏறாது.

“சீசன் முடியட்டும் பாய். இன்னும் மூணு வாரந்தான,” என்பார்.

நாலாவது தடவை அத்தா என்ன சொன்னாரோ, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவரை மதுரைக்கு அனுப்பினார்கள், புதுச் சங்கிலி வாங்கிவர. புறப்படுமுன் தேய்ந்த கண்ணியில் சிவப்புப் பெயிண்ட் வைத்துவிட்டு, அம்மாவின் தம்பியான எங்கள் மாமாவிடம், சிவப்பு வைத்த சங்கிலியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாமாவும் அங்கேதான் வேலை பார்த்தார். பாஸ்போர்ட்டை ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுச் சவுதி விசாவுக்குக் காத்திருந்தார். ஊரிலேயே நன்றாகச் சிரிக்கிறவர் அவர்தான்.

ஐந்து வேளையும் தொழுகிற வீடுதான் எங்களுடையது. ஆனாலும் ஆயுத பூஜைப் பொரிக்கு எங்களைப் போலக் காத்திருந்தவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். காலாண்டு லீவு வேறு. பூஜைக்கு முந்தின நாள் வேலைக்காரர்களின் பிள்ளைகள் எல்லாம் பட்டறைக்குப் போவோம். மிஷின்களைக் கழற்றித் துடைத்துப் பெயிண்ட் அடிப்பார்கள். கடையில் வாங்கிய பெயிண்ட் இல்லை. கம்பி மத்தாப்புக்குப் போகிற அலுமினியப் பவுடரை வார்னிஷில் குழைத்தால் வெள்ளி மாதிரி மின்னும். எங்கள் ஊர்ப் பக்கம் பட்டறை, கேட், தண்ணீர்த்தொட்டி எல்லாம் அந்த ஒரே நிறம்தான்.

மாமா உத்தரத்தின் மேலே ஏறி நின்று அடித்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு டப்பாவையும் பிரஷ்ஷையும் கொடுத்து, “மருமவளே, கீள கெடக்குறத எல்லாம் புதுப்பொண்ணு மாதிரி ஆக்கிப்புடு,” என்றார். கீழே சாக்கின்மேல் இரண்டு செயின் பிளாக்கும் கிடந்தன. எனக்குப் பத்து வயசு. ‘சட்டத்துக்குப் பெயிண்ட், சங்கிலிக்கு எண்ணெய்’ என்று அத்தா வீட்டில் நூறு தடவை சொல்லியிருப்பார். நூறு தடவை சொன்னதை எந்தப் பிள்ளை கேட்டிருக்கிறது?

இரண்டு செயின் பிளாக்கின் இரும்புச் சட்டமும் முடிந்தும் டப்பாவில் பெயிண்ட் மிச்சமிருந்தது. சங்கிலி மட்டும் கறுப்பாகக் கிடந்தது எனக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு கண்ணியாக அடித்துக்கொண்டே போனேன். ஒரு கண்ணியில் சிவப்பாகத் தீற்றியிருந்தது. போன வருஷத்துப் பூஜையில் வைத்த குங்குமம் என்று நினைத்தேன். அதன்மேலும் இரண்டு தடவை நன்றாக அடித்தேன். சாயங்காலம் இரண்டையும் தூக்கி மாட்டியபோது கடையில் இருந்து வந்த புதுசு மாதிரி மின்னின. யார் அடித்தது என்று யாரும் கேட்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பூஜைக்கு மறுநாள், நல்ல நேரம் பார்த்து, பேருக்கு ஒரு கூடையாவது தூக்கி வேலையைத் தொடங்கிவிட வேண்டும். அது அங்கே வழக்கம். அத்தா இன்னும் வரவில்லை. அவர் போன அன்றைக்கு மதுரைக் கடையில் சரக்கு இல்லை, பூஜையன்று கடை அடைப்பு. மறுநாள் காலையில்தான் சரக்குக் கிடைக்கும் என்று போனில் சொல்லியிருந்தார். சந்தனமும் குங்குமமும் வைத்த தொட்டிகளைச் சுற்றி எல்லோரும் நின்றோம். என் பாவாடை மடியில் பொரி இருந்தது.

“பாய் எந்தச் சங்கிலி ஆகாதுன்னாரு?” என்று முதலாளி கேட்டார்.

மாமா இரண்டையும் அண்ணாந்து பார்த்தார். “சிவப்பு வச்சிருக்கேன்னாக மொதலாளி. ரெண்டுலயும் ஒண்ணையும் காணமே.”

“அப்ப ஒண்ணும் இல்லாமத்தான் இருக்கும். இளுலே, நேரம் போகுது.”

வாயில் போட்ட பொரியை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. சொன்னால் சங்கிலிக்குப் பெயிண்ட் அடித்ததற்கு எல்லோர் முன்னாலும் திட்டு விழும். அது குங்குமம்தானே, குங்குமம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுக் கைச்சங்கிலியை இழுத்தார்.

கூடை தொட்டி விளிம்பைத் தாண்டி மேலே வந்தது. பக்கவாட்டில் தள்ளியபோதுதான் சங்கிலி அறுந்தது. கூடை விளிம்பில் மோதிப் புரண்டு மாமாவின் வலது காலில் விழுந்தது. அவர் கத்தவில்லை. உப்புக்குள் கிடந்த காலைக் குனிந்து பார்த்தபடி, வேறு யாருடைய காலோ என்பதுபோல நின்றார். கத்தியது நான்தான்.

மாமாவை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் அத்தா வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து புதுச் சங்கிலியைச் சாக்கில் கட்டித் தோளில் சுமந்துகொண்டே நடந்து வந்திருந்தார். நடந்ததைச் சொன்னார்கள். சாக்கை இறக்கி வைத்தார். அறுந்த துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கண்ணியைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். பிறகு என்னைப் பார்த்தார். என் பாவாடையின் ஓரமெல்லாம் வெள்ளித் திட்டாக இருந்தது.

“என்ன பாய், சிவப்பு வச்சேன்னு சொல்லிட்டுப் போனீகளாமே?” என்றார் முதலாளி.

அத்தா சங்கிலியைச் சாக்கின்மேல் வைத்தார். “இல்ல மொதலாளி. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்புன அவசரத்துல வைக்க மறந்துட்டேன். தப்பு என்னோடதுதான்.”

எனக்கு அப்போது வந்த நிம்மதியை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அத்தா சிவப்பே வைக்கவில்லை. அப்படியென்றால் நான் பார்த்தது குங்குமம்தான். நான் எதுவும் செய்யவில்லை. மிச்சப் பொரியைத் தின்றேன்.

மாமாவுக்கு இரண்டு கால்விரல்கள் போயின. மெடிக்கல் டெஸ்டில் தேறமாட்டார் என்று ஏஜென்ட் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அத்தாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பிறகு ஒரு அச்சாபீசில் பேப்பர் பண்டல் இறக்கப் போனார். மாமா மூன்று வருஷம் அவர் முகத்தில் விழிக்கவில்லை. “ஒரு பொட்டு பெயிண்ட் வைக்க வலிச்சிருக்கு மச்சானுக்கு,” என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி அழுதார். அம்மாவும் அத்தாவின் முன்னால் தட்டை வைப்பாள், பேசமாட்டாள். அத்தா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுவிட்டுப் போவார். மறந்துபோகிற ஆளாகவே எங்கள் வீட்டில் அவரை வைத்திருந்தோம். நானும்தான்.

சங்கிலி அறுந்த அன்று சாயங்காலம் அத்தா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, சாப்பிடுமுன் கை கழுவ நின்றார். நான் செம்பில் தண்ணீர் ஊற்றினேன். அவருடைய கட்டைவிரல் நகத்துக்குள் வெள்ளிப் பொடியும், அதற்கடியில் சிவப்பாக ஏதோவும் அடைந்திருந்தது. குங்குமமாக இருந்தால் முதல் செம்பிலேயே கரைந்து போயிருக்கும். மூன்று செம்பு ஊற்றியும் அந்தச் சிவப்பு போகவில்லை. போகாதது ஏன் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. அத்தா கையை மூடிக்கொண்டு, “போதும்மா,” என்றார். நான் உள்ளே ஓடிப்போய்ச் சோப்பு எடுத்து வந்து கொடுத்தேன்.