பிளக்கில் கட்டிய ஸ்பானர்

ஏழுமலை இறந்த செய்தி வந்தபோது, இரும்பு அறுக்கும் கை கிரைண்டர் என் கையில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மகள் போனில் ஏழு முறை அழைத்தும் கேட்கவில்லை. எதிர் டீக்கடைக்காரர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். சுவிட்சை அணைத்தேன். அணைத்த பிறகும் சக்கரம் சற்று நேரம் சுற்றும். அது நிற்கும்வரை மிஷினைக் கீழே வைக்கக் கூடாது என்பது ஏழுமலை சட்டம். நின்றது. பிறகுதான் "இன்னா?" என்று கேட்டேன்.

நெஞ்சுவலி. வடக்கனந்தலில், சொந்த வீட்டில், காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது. கள்ளக்குறிச்சியில் பதினெட்டு வருடம் ஒரே பட்டறையில் கேட்டும் ஜன்னலும் செய்த எங்களைத் தெரிந்தவர்கள், "மிஷின்லயா?" என்றுதான் முதலில் விசாரித்தார்கள். இல்லை என்றதும் சிலருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

சக்கரத்தின் மேலிருக்கும் தகட்டு மூடியைக் கழற்றினால் பெரிய சக்கரம் போடலாம். வேலை சீக்கிரம் முடியும். கோயில் கேட்டுக்கு அவசரப்படுத்திய ஒரு தர்மகர்த்தா, "கழட்டேன்யா, இன்னா பயமா?" என்றார். "பயம் இல்லீங்க. வெரலு பத்துதான் இருக்குது. சாமி ஒண்ணு கேட்டா குடுக்கலாம், நீங்க கேக்கறீங்களே" என்றார் ஏழுமலை. கேட் இரண்டு நாள் தாமதமாகவே போனது.

ஆயுத பூஜைக்கு மிஷின்களுக்கு நான்தான் சந்தனம் பூசுவேன். காற்றுத் துவாரத்தில் அப்பியதை மறுநாள் காலை அவர் பழைய பல் பிரஷால் சுரண்டுவார். "சாமி மூச்சு வுடாம இருக்கும். மோட்டார் இருக்காது."

எனக்குப் பிடிக்காதது அவருடைய கயிறு. சக்கரம் மாற்றும் ஸ்பானரை, பிளக்கை ஒட்டி அரை முழக் கயிற்றில் கட்டி வைத்திருப்பார். பிளக்கைப் பிடுங்காமல் ஸ்பானர் சக்கரத்துக்கு எட்டாது. "இன்னாய்யா, மாட்டக் கட்டற மாதிரி கட்டி வெச்சிக்கினு" என்று கிண்டல் செய்து, ஒரு நாள் அறுத்துவிட்டேன். நான் நிறையப் புத்தகம் படிக்கிறவன். மிஷினோடு வந்த தாளை மட்டும் படித்ததில்லை. அவர் அந்தத் தாளைத் தவிர வேறெதையும் படித்ததில்லை.

அந்த வாரமே, வேலை நடுவில் கரண்ட் போனது. சும்மா இருப்பானேன் என்று கிரைண்டரை மடியில் வைத்து, தேய்ந்த சக்கரத்தைக் கழற்றத் தொடங்கினேன். சுவிட்ச் போட்டபடியே இருந்தது. என் விரல்கள் சக்கரத்தைச் சுற்றிப் பிடித்திருந்தபோது விளக்கு எரிந்தது, மின்விசிறி சுழன்றது. மடியில் இருந்தது மட்டும் அசையவில்லை. திரும்பினேன். சுவரோரம் ஏழுமலை, பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா வாத்யாரே, இத்தத் தேடிக்கினு இருக்கியா?"

மடியில் இருந்த மிஷினின் சுவிட்சை அணைத்தேன்.

"கரண்டு போனா மிஷின் தூங்குதுன்னு நெனைக்காத. கண்ண முழிச்சிக்கினு படுத்துக்கினு இருக்கும்."

அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு மறுபடி கட்டினார். பிறகு ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. நான் நன்றி சொல்லியிருக்கலாம். "முடிச்சு கோணலா இருக்குது" என்றேன்.

அவர் வேலைக்குப் போடும் கண்ணாடியை மகள் எடுத்துக்கொண்டாள். என்னிடம் அந்தக் கயிறு இருக்கிறது, கோணல் முடிச்சோடு. காரியம் முடிந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதி முடிப்பதற்குள் நான்கு முறை எழுந்து போய்ப் பிளக்கைப் பார்த்துவிட்டு வந்தேன். கழற்றித்தான் இருக்கிறது, ஏழுமலை. விரல் பத்தும் இருக்கிறது.