பெண் நிமிர்ந்து பார்க்கும் நொடி

அந்தக் கெமராவை ராத்தா என் மேசையில் வைத்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பழுதான சாமானைக் கொண்டுவருகிறவர்கள் அதைக் கையில் பிடித்துக்கொண்டே கதையைத் தொடங்குவார்கள். தண்ணீரில் விழுந்தது, பிள்ளை எறிந்தது என்று. அவர் உள்ளங்கையளவு சாம்பல் நிறக் கெமராவை மெல்ல வைத்து, ஒரு விரலால் என் பக்கம் தள்ளிவிட்டு, வாசலில் போகும் ஓட்டோக்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், “இது பிந்துது தம்பி,” என்றார். “நான் பட்டன அமத்தக்குள்ள புள்ள நிமிந்து பாக்கிது. படத்துல குனிஞ்சிட்டு இரிக்கி.”

அப்போது நான் கல்முனையில் ஒரு மணிக்கூட்டுக் கடையின் மூலையில் மேசை போட்டுப் போன் திருத்திக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் வரிப்பத்தான்சேனை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வயல் வெட்டும் மெஷினில் நின்றேன், கட்டாரில் ஏசி கழுவினேன், அக்கரைப்பற்றுச் சந்தியில் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டேன். திருத்த வேலை, கழற்றிப் பூட்டிப் பழகியதுதான். அதுவரை எந்த ஊரிலும் இரண்டு வருடம் தங்கியதில்லை. யாருடைய வேலையையாவது கெடுத்துவிட்டால் அதற்குப் பிறகு அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

ராத்தா என்றால் எங்கள் பக்கம் அக்கா. எனக்கு அவர் உறவில்லை. ஊரில் எல்லாருக்கும் அவர் கெமராக்கார ராத்தா. புருஷன் விட்டுப்போன பிறகு இரண்டு பெண் பிள்ளைகளையும் அந்தக் கெமராவை வைத்துத்தான் வளர்த்தார். எல்லார் கையிலும் போன் இருக்கும்போது பழைய கெமரா எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்கள் இருக்கும் பக்கத்துக்கு ஆண் படமெடுக்கப் போவதில்லை. சில குடும்பங்கள் இப்போது வாசலிலேயே பெண்களின் போன்களையும் வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவிடுகின்றன. மணப்பெண்ணின் முகம் யாருடைய போனிலும் ஊர் சுற்றக் கூடாது. ராத்தாவின் கெமராவுக்கு இணையம் தெரியாது. வேலை முடிந்ததும் மெமரி காட்டைக் கழற்றிப் பெண்ணின் உம்மாவின் கையில் வைத்துவிட்டு வந்துவிடுவார். ஒரு படத்தையும் தனக்கென்று வைத்துக்கொள்ள மாட்டார். அந்த நம்பிக்கையால்தான் அவரைக் கூப்பிட்டார்கள்.

அந்த ஒழுங்கே இப்போது எனக்கு இடைஞ்சலாகியது. படத்தைப் பார்த்தால் பழுதைச் சொல்லிவிடலாம். ஆனால் நான் பார்க்கக் கூடாது. கொடுத்த மெமரி காட்டை அவரும் திருப்பிக் கேட்க மாட்டார். குறை, கல்யாண வீட்டுக்காரர் வாயால்தான் அவருக்கே தெரியவந்தது. மாப்பிள்ளை தாலி கட்டி முடிந்ததும் சுற்றி நிற்கும் பெண்கள் “நிமிந்து பாரு புள்ள” என்பார்கள். பெண் ஒரே ஒரு தரம் கண்ணை உயர்த்தி அவனைப் பார்த்துவிட்டு உடனே குனிந்துகொள்வாள். குரவை எழும். உம்மாமார் காத்திருப்பது அந்த ஒரு படத்துக்கு. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கல்யாணத்திலும் அது தவறியிருந்தது.

“வாற வெள்ளி சாய்ந்தமருதில ஒரு கலியாணம்,” என்றார் ராத்தா. “இதும் பிழச்சா பிறகு ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. ஒரு ஸ்டூடியோவால பொம்புளப் புள்ள ஒண்டப் பழக்குறாங்களாம். அவட கை கெதியாம், டக்கெண்டு எடுக்குமாம்.”

என் போனில் நொடி ஓடும் மணிக்கூட்டைத் திறந்து அவர் முன்னால் நிறுத்தினேன். பத்து வந்ததும் அமத்துங்கள் என்றேன். எடுத்த படத்தில் எண் பதினொன்றைத் தாண்டியிருந்தது. மூன்று தரம் எடுத்தார், மூன்றிலும் அப்படியே. வாசல் மணியை அடிப்பதுபோல ஒரே குத்தாக அமத்தினார். கெமரா முன்னும் பின்னும் தடவித் தூரத்தைப் பிடித்தது. பிறகு பிளாஷ் ஒரு தரம் மின்னி, நின்று, மறுபடி மின்னியது. இரண்டாவது மின்னலில்தான் படம் விழுந்தது.

“ரெண்டு தரம் மின்னுது,” என்றேன்.

“ஓம். மொத மின்னலோட புள்ள குனிஞ்சிரும். படம் எடுத்தாச்செண்டு மாப்பிள்ளயும் எழும்பிருவார்.”

அந்த முதல் மின்னலை வைத்துக்கொடுத்தவன் நான். அந்த இரண்டு கல்யாணத்துக்கும் முன்னால்தான் ராத்தா வந்து, பிளாஷ் போட்டால் பெண்களின் கண்கள் சிவப்பாக விழுகின்றன என்றார். நான் கெமராவுக்குள் தேடி, கண் சிவப்பைக் குறைக்கும் வசதியைப் போட்டுக்கொடுத்தேன். முதலில் ஒரு வெளிச்சத்தை அடித்துக் கண்மணியைச் சுருங்கவைத்துவிட்டுத்தான் அது படமெடுக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த இடைவெளியில் வெட்கப்படும் ஒரு பெண் குனிந்துவிடுவாள் என்று யோசிக்கவில்லை. சிவப்பைப் போக்கப் போய்க் கண்ணையே இல்லாமலாக்கியிருந்தேன்.

பழைய மெஷின் ராத்தா, இனிச் சரிவராது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அன்று ஏனோ உள்ளதைச் சொன்னேன். “ரெண்டு உம்மாமார்ட வாயால நான் கேட்ட ஏச்செல்லாம் உனக்கு வரவேண்டியது,” என்றார். “சரி. குத்தின முள்ள நீயே எடு.”

சிவப்பு வசதியை அணைத்தேன். கண் மறுபடி சிவக்கும் என்றேன். “செவந்தா செவக்கட்டும். பாக்கிற கண் வேணும்,” என்றார். பெற்றரியைப் புதிதாக மாற்றினேன். சார்ஜ் இறங்கினால் பிளாஷ் நிரம்புவதற்கே நேரம் எடுக்கும். மற்ற எல்லாம் அவருடைய விரலில் இருந்தது. பாதி அமத்தினால் கெமரா தூரத்தையும் வெளிச்சத்தையும் பார்த்து முடித்து ஒரு சின்னச் சத்தம் கொடுக்கும். விரலை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால், மிச்சப் பாதியை அமத்தியதும் படம் விழும். தாலி கட்டும்போதே பெண்ணின் முகத்தில் பாதி அமத்திக் காத்திருக்க வேண்டும். கெமராவின் திரையையும் பார்க்கக் கூடாது. திரையில் தெரிவதே கொஞ்சம் பிந்தித்தான் தெரிகிறது. கெமராவுக்கு மேலால் வெறுங்கண்ணால் பெண்ணைப் பார்க்க வேண்டும். நாலு நாள் பின்னேரங்களில் வந்து, சுவர் மணிக்கூடுகளின் ஊசல் இடது ஓரத்துக்குப் போகும் நொடியைப் பிடித்துப் பழகினார். கடை முதலாளி, “ராத்தா, என்ட மணிக்கூடெல்லாம் வெக்கப்பட்டு நிண்டிரும் போல,” என்றார். “நிண்டா திருத்த இவன் இரிக்கான்தானே. நல்லாத் திருத்துவான்,” என்றார் ராத்தா, என்னைப் பார்க்காமலே.

வெள்ளிக்கிழமை காலையில் நான் பையைக் கட்டிவிட்டேன். படம் தவறினால் பொத்துவில் பஸ். ராத்தாவை ஓட்டோவில் கூட்டிப்போய்க் கல்யாண மண்டபத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது பெண் வீட்டுக்காரர் என்னைப் பிடித்து, ஆறு பேர் சேர்ந்து சாப்பிடும் சகனில் ஒருவனாக உட்காரவைத்தார். எங்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் துணித் திரை. திரைக்குப் பின்னால் சத்தம் அடங்கியது. யாரோ ஒரு பெண், “நிமிந்து பாரு புள்ள,” என்றார். எடுத்த சோறு என் கையிலேயே நின்றது. திரை ஒரே ஒரு தரம் வெளிச்சமாகியது. அதோடு குரவை எழுந்தது. பக்கத்திலிருந்தவர், “இறைச்சியத் தின்னுங்க மச்சான், ஆறுது,” என்றார். மாப்பிள்ளையின் சொந்தக்காரன் என்று நினைத்திருப்பார்.

திரும்பி வரும்போது படம் விழுந்ததா என்று கேட்டேன். மெமரி காட்டை ராத்தா அந்தப் பெண்ணின் உம்மாவின் கையில் கொடுத்துவிட்டிருந்தார். கெமராத் திரையைப் பார்க்காமல் எடுத்த படத்தை எடுத்த பிறகும் அவர் பார்க்கவில்லை. “நான் அமத்திட்டன். மிச்சம் அல்லாஹ்ட கையில,” என்றார்.

சனி முழுக்க ஒரு செய்தியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் அந்தப் பெண்ணின் வாப்பா கடைக்கு வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். பை என் காலடியில்தான் இருந்தது.

“ராத்தாட நம்பரப் பொஞ்சாதி துலைச்சிட்டா. அண்டு கூட்டி வந்தது நீங்கதானே, தாங்க,” என்றார். “என்ட தங்கச்சிட மகளுக்கும் அவதான் வரணுமெண்டு பொம்புளயள் நிக்காங்க.”

“படம் சரியா?” என்று கேட்டேன்.

“நான் என்னத்தக் கண்ட. பொஞ்சாதிதான் சொன்ன, புள்ளட கண் ரெண்டும் மொளகாப்பழம் மாதிரிச் செவந்து போச்சாம். வீட்டுல எல்லாரும் சிரிக்காங்க. அந்தப் படத்த மட்டும் கையால விடுறாங்களில்ல.”

சிவந்திருந்தால் கண் திறந்திருக்கிறது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்ததும், பார்த்தது படத்தில் விழுந்ததும் எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. நம்பரை எழுதிக்கொடுத்துவிட்டு, காலடியில் இருந்த பையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன். அதற்குப் பிறகு கல்முனையில் மூன்று வருடம் இருந்தேன்.

இப்போது கோமாரியில் ஒரு தங்குமிடத்தில் பம்பும் ஜெனரேட்டரும் பார்க்கிறேன். என் போன், நான் அமத்துவதற்கு முன்னாலேயே நாலைந்து படத்தைப் பிடித்துவைத்து, எது வேண்டும் என்று கேட்கிறது. ராத்தாவும் வேறு கெமரா வாங்கிவிட்டார். மூத்த மகளும் அவரோடு படமெடுக்கப் போகிறாளாம். அந்த வெள்ளிக்கிழமைப் படத்தை நான் பார்த்ததில்லை. பார்க்கக் கேட்கவும் மாட்டேன். கல்முனைக்குப் போனால் ராத்தாவின் தெருவால்தான் நடக்கிறேன். வேலை செய்த ஊர்களில், சுற்றுவழி தேடாமல் நான் நேரே நடக்கக்கூடிய தெரு அது ஒன்றுதான்.