முந்தானை சிக்கிய நேரம்

என் பேத்திக்கு வந்த வரனைக் கோள் சொல்லிக் கலைத்தவள் என் ஓரகத்தி ஸ்டெல்லா. ஒரே கொட்டகையில் ஆளுக்கொரு பவர்லூம் ஓட்டினாலும் நான் அவளோடு பேசாமலேயே இருந்தேன். சர்ச்சில் ஜெபம் சொல்லும்போது, 'நாங்கள் பிறரை மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும்' என்கிற வரி வந்தால் வாயை மூடிக்கொள்வேன்.

போன மாதம், கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்த என் முந்தானை தறி பெல்ட்டில் சிக்கி இறுக்கியது. ஸ்டெல்லா முதுகைக் காட்டி நின்றிருந்தாள். அந்த உயிர் பயத்திலும் அவளைக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. மூச்சு முட்டத் தொடங்கிய பிறகுதான் "ஸ்டெல்லா!" என்று அலறினேன்.

ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள். "சாவுற நேரத்துலயும் வீம்பாக்கா? ஜல்தியா கூப்ட்டா இன்னா?" என்று திட்டிக்கொண்டே அழுதாள்.

அவள் வரனைக் கலைத்தது எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் இப்போது தினமும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவள் திரும்பிப் பார்த்த பிறகுதான் தறி சுவிட்சைப் போடுகிறேன். ஜெபத்தில் அந்த வரியையும் சொல்லிவிடுகிறேன், பயத்தோடுதான்.